உரப்பையும் ஓலைப்பையும்: பதினான்கு மாதம் சந்தைக்குக் கொண்டுபோன நான்கு பைகள்

2025ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல் நாள், திருகோணமலை மத்திய சந்தையிலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் குசினி மேசையில் எடுத்து வைத்தோம். மேசையில் வெறுமையாகக் கிடந்த மெல்லிய பொலித்தீன் சொப்பிங் பைகளை என் மகள் விளையாட்டாக எண்ணத் தொடங்கினாள். பச்சைமிளகாய்க்கு ஒன்று, தேசிக்காய்க்கு ஒன்று, வெற்றிலைக்கு ஒன்று, பயறுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, அந்தப் பயற்றுப் பையையும் சர்க்கரைப் பையையும் சேர்த்துப் போட்டுத் தந்த பெரிய பை ஒன்று என்று எண்ணி முடித்தபோது 23 வந்தது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரே நாளில் 23 பைகள். அவற்றுள் ஒன்றையேனும் நான் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

அந்தப் பொங்கல் முடிந்த கிழமையே நான்கு வகைப் பைகளை வாங்கினேன்: சந்தை வாசலில் விற்கும் கைபிடி வைத்த உரப்பை, நகரிலுள்ள ஒரு சுப்பர் மார்க்கெட்டில் பணம் கொடுத்து எடுத்த பச்சை நிறப் பை, தடித்த பருத்தித் துணிப்பை, பனையோலையால் இழைத்த பை. இதை எழுதும் இன்றுவரை 14 மாதங்களாக இவற்றை மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன்; ஒன்று மட்டும் எட்டாவது மாதத்திலேயே கைவிட்டது. கிழமைக்கு மூன்று முறையாவது கடைக்கும் சந்தைக்கும் போகும் வீடு எங்களுடையது என்பதால், ஒவ்வொரு பையும் நல்லாய் அடிபட்டிருக்கிறது. பை வாங்கும்போது நாம் அதன் அளவையும் நிறத்தையும் பார்க்கிறோம். அது எத்தனை காலம் உழைக்கும் என்பதோ வீட்டுக்கு வந்த பிறகு அதை எங்கே வைக்கிறோம், எப்போது கழுவுகிறோம், எதை எதனோடு போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஆகவே பைகளின் தரத்தோடு அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளும் முறையையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதலில் உரப்பை. பேச்சு வழக்கில் அப்படிச் சொன்னாலும், சந்தையில் விற்கப்படுவன எல்லாம் உரம் வந்த சாக்குகள் அல்ல. அரிசி, சீனி, கோதுமை மா வந்த சாக்குகளை வெட்டித் தைத்தவையும் உண்டு. பொலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் புதிதாக நெய்த விரிப்பில் பூப்போட்டுத் தைத்தவையும் உண்டு. வாங்கும்போது பையின் வாயை விரித்து உள்ளே மூக்கை வைத்து மணந்து பாருங்கள். யூரியா நெடியோ மருந்து நெடியோ சிறிதளவு வந்தாலும் அதைத் திருப்பி வைத்துவிட வேண்டும். உண்மையாகவே உரமோ பூச்சிகொல்லியோ வந்த சாக்கை எத்தனை முறை கழுவினாலும் அதில் சாப்பாட்டுச் சாமான் கொண்டுவரக் கூடாது. அத்தகைய சாக்கு தோட்டத்துச் சருகு அள்ளுவதற்குரியது. நான் வாங்கியது சீனிச் சாக்கில் தைத்தது. உட்புற மூலைகளில் ஒட்டியிருந்த சீனித்தூளை முதல் நாளே கழுவாமல் விட்டதால், மறுநாள் காலை கதவடியிலிருந்து பை வரை எறும்பு நிரை போட்டிருந்தது. வாங்கிய அன்றே கழுவுவது நல்லது என்பதை எறும்பிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

உரப்பையின் பலவீனம் கைபிடியில் இருக்கிறது. சந்தைப் பைகளில் கைபிடி நாடாவைப் பையின் வாயோரத்தில் இரண்டு விரலளவு மட்டும் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். பாரம் முழுவதும் அந்த இரண்டு விரலளவுத் தையலில் தொங்குகிறது. எங்கள் தெருவில் தையல் இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்து, நாடாவைப் பையின் அடிப்பக்கமாகச் சுற்றி இரு பக்கமும் மேலே வரும்படி மாற்றித் தைப்பித்தேன். இப்போது பாரத்தை அடியிலிருந்து தாங்குவது நாடா. பை அதற்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தையலுக்குப் பிறகு 5 கிலோ அரிசி, மூன்று தேங்காய், இரண்டு கிலோ சீனி, ஒரு கிலோ பருப்பு, எண்ணெய்ப் போத்தல் என்று ஒரே நடையில் கொண்டுவந்திருக்கிறேன். இன்றுவரை ஒரு நூலும் விடவில்லை. மோட்டார் சைக்கிளின் முன் கொளுக்கியில் மாட்டும்போது மட்டும், அடிப்பகுதி சூடான இயந்திரத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் உருகி ஓட்டை விழும்.

இதற்கும் குறை இல்லாமல் இல்லை. வெட்டிய ஓரங்களை மடித்துத் தைக்காத பையில் நார் நாராக உதிரும். அந்த நார் அரிசிக்குள் விழுந்தால் சுளகில் புடைக்கும்போதுதான் கண்ணில் படும். வெயிலில் நீண்ட நாள் கிடந்தாலும் இந்த வகைப் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். எனவே கழுவிய பின் நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுகிறேன். நெய்த பை என்பதால் ஈரம் எதையும் தாங்காது என்பது இன்னொரு குறை. மீன் வாங்கினால் வழி நெடுகச் சொட்டும். ஆனாலும் நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விலை குறைவு, எடை குறைவு, கழுவினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, பாரம் தாங்குகிறது. திருகோணமலையின் சூட்டுக்கும் உவர்க்காற்றுக்கும் இது நன்றாக ஈடுகொடுக்கிறது.

சுப்பர் மார்க்கெட்டில் வாங்கிய பச்சைப் பையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பார்வைக்குத் துணி போலவே இருக்கும். பலரும் அதைத் துணிப்பை என்றே நம்பி வாங்குகிறார்கள். அது நெய்த துணியே அல்ல. உருக்கிய பொலிபுரொப்பிலீனை மெல்லிய இழைகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, சூடு காட்டி அழுத்தி ஒட்டிய விரிப்பு அது. விரலால் உரசினால் பஞ்சு போல எழும்பி வருவதைக் காணலாம். சூடும் வெயிலும் அதன் முதல் எதிரி. ஆறு மாதம் ஆகும்போது என் பையின் மடிப்புகளில் தூள் கொட்டத் தொடங்கியது. குசினி மேடையில் பச்சைத் தூள் ஏன் கிடக்கிறது என்று மாமியார்தான் முதலில் கேட்டார்.

எட்டாவது மாதம் அது முற்றாகக் கைவிட்டது. கடையின் வாசற்படியில் இறங்கும்போது ஒரு கைபிடி பையை விட்டுக் கழன்றது. ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் சீமெந்துப் படியில் விழுந்து உடைந்து, மூன்று படி வரை வழிந்தது. கடைக்காரர் முகம் கோணாமல் சாம்பல் தூவித் துடைத்துத் தந்தார் என்பதை இங்கு நன்றியோடு பதிவுசெய்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, கைபிடி தைக்கப்படவே இல்லை, சூட்டில் ஒட்டப்பட்டிருந்தது என்பது தெரிந்தது. இந்த வகைப் பைகளில் ஓரளவு நல்லதும் உண்டு. கைபிடி சேரும் இடத்தில் சதுரமாகவும் அதற்குள் குறுக்குமறுக்காகவும் நூல் ஓடியிருக்கிறதா என்று பார்த்து எடுத்தால் கொஞ்சக் காலம் உழைக்கும். ஒட்டிய கைபிடியுள்ளதை என்ன விலைக்குத் தந்தாலும் நான் இனி வாங்கமாட்டேன்.

பருத்தித் துணிப்பைக்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிக உழைப்புத் தேவைப்பட்டது. தடித்த துணியாக இருந்தபடியால் முதல் கழுவலிலேயே நான்கு விரலளவு சுருங்கியது. ஆகவே தேவையான அளவைவிடச் சற்றுப் பெரிதாக எடுப்பதே நல்லது. வாயை மூடுவதற்குப் பித்தான் போல ஓர் உலோக அழுத்தி வைத்திருந்தார்கள்; கடற்காற்று அடிக்கும் இந்த ஊரில் அது மூன்றே மாதத்தில் துருப்பிடித்து, கழுவும் ஒவ்வொரு முறையும் துணியில் செம்மஞ்சள் கறையை இறக்கியது. அதைக் கழற்றிவிட்டு ஒரு நாடாவைத் தைத்துக்கொண்டேன். திருகோணமலையில் பை வாங்குவோர் உலோகக் கொளுக்கியோ இழுவைப் பூட்டோ இல்லாததைப் பார்த்து எடுப்பது நல்லது.

துணிப்பையை வாங்கியதோடு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது, எனக்கும் வந்தது. பிரித்தானியாவின் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பொலித்தீன் பையோடு ஒப்பிட்டால், காலநிலைக்கு ஏற்படும் பாதிப்பில் அதற்குச் சமமாவதற்கே ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். பருத்திச் செய்கைக்கும் நூல் நூற்பதற்கும் நெய்வதற்கும் அவ்வளவு செலவாகிறது. நான் கிழமைக்கு மூன்று முறை கொண்டுபோனேன்; அந்தக் கணக்கில் 131ஐ எட்ட ஏறத்தாழப் பத்து மாதம் பிடித்திருக்கிறது. கலியாண வீட்டிலும் கண்காட்சியிலும் கருத்தரங்கிலும் தந்த துணிப்பைகள் அலுமாரியின் அடியில் மடித்தபடி கிடந்தால், அவற்றால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே துணிப்பை இருப்பவர்கள் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. இருப்பதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் போதும்.

துணிப்பையைக் கழுவ வேண்டும் என்பதைப் பலர் நினைப்பதே இல்லை. அமெரிக்காவின் அரிசோனா, லோமா லிண்டா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கடைக்கு வந்தவர்களிடமிருந்து 84 பைகளை வாங்கிப் பரிசோதித்தபோது, கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேர் தங்கள் பையை ஒருபோதும் கழுவியதில்லை என்று தெரியவந்தது. இறைச்சிச் சாறு பட்ட பையை வாகனத்தின் பின்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். அதற்குள் பக்டீரியா பத்து மடங்காகப் பெருகியிருந்தது. கையால் கழுவினாலும் இயந்திரத்தில் கழுவினாலும் அவை 99.9 வீதத்துக்கு மேல் அழிந்தன என்பதும் அதே ஆய்வில் உள்ளது. சந்தையில் பையை எங்கெங்கே வைக்கிறோம் என்று ஒரு நாள் கவனித்துப் பார்த்தேன்: மரக்கறிக் கடையின் ஈரத் தரை, ஆட்டோவின் கால்மிதி, மருந்துக்கடை வாங்கு, கடைசியில் எங்கள் குசினியில் மரக்கறி வெட்டும் பலகைக்குப் பக்கத்தில். அன்றிலிருந்து எந்தப் பையும் குசினி மேடையில் ஏறுவதில்லை. தரையில் விரித்த பழைய சாக்கின் மேல் வைத்துத்தான் சாமானை எடுக்கிறோம்.

மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஊரில் சொப்பிங் பை இல்லாமல் வாழ முடியாது என்று சொல்பவர்கள் எல்லோரும் மீனைத்தான் காரணம் காட்டுகிறார்கள். அது நியாயமான காரணம்தான். பை கொண்டுபோன முதல் கிழமையிலேயே மீன் சந்தையில் எனக்குத் தெரிந்த வியாபாரி, “மீன் தண்ணி விடும் அக்கா, சொப்பிங்குக்குள்ள போட்டுத் தரட்டா?” என்று கேட்டார். தேவையில்லை என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, அரைக் கிலோ கணவாயை வாழையிலையில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது கணவாயின் மை இலையைத் தாண்டி, பையின் அடி முழுவதும் கருநீலமாக ஊறியிருந்தது. சவர்க்காரமும் தேசிக்காய்ப் புளியும் வெயிலும் காட்டியும் அந்தக் கறை போகவில்லை. இன்றும் அந்தப் பையின் அடியில் ஓர் உள்ளங்கை அளவுக்கு அது இருக்கிறது.

இரண்டாவது முறை மூடி இறுகப் பொருந்தும் இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கொண்டுபோனேன். வியாபாரிக்குத் தயக்கம் வந்தது. டப்பாவோடு நிறுத்தால் டப்பாவின் எடை மீனோடு சேரும். கழித்துச் சொன்னால் வாங்குபவருக்குச் சந்தேகம் வரும் என்று அவர் நினைத்தார். தராசுத் தட்டிலேயே மீனை நிறுத்துவிட்டு, வெட்டித் துப்புரவாக்கிய பிறகு டப்பாவுக்குள் போடச் சொன்னேன். அவ்வளவில் பிரச்சினை தீர்ந்தது. இப்போது என்னைக் கண்டதும் டப்பாவுக்காகக் கையை நீட்டுகிறார். சூடையும் கீரியும் வாங்கும் நாளில் ஒரு டப்பா போதும். பாரையோ அறக்குளாவோ துண்டாக வாங்கினால் சற்று அகலமான டப்பா வேண்டும். வீட்டுக்கு வந்ததும் டப்பாவை அப்படியே குளிரூட்டிக்குள் வைத்துவிடலாம் என்பது எதிர்பாராத வசதியாக அமைந்தது. டப்பாவை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, அதன் பிறகே சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள். எடுத்த எடுப்பில் சுடுதண்ணீரை ஊற்றினால் மீன் நீரும் செதிலும் வெந்து ஒட்டிக்கொள்ளும், வெடுக்கும் போகாது. கோழிக்கும் இறைச்சிக்கும் வேறொரு டப்பா வைத்திருக்கிறேன். டப்பா போகும் பைக்குள் கீரையோ பழமோ போடுவதில்லை.

பனையோலைப் பையை வாங்கியதற்கு என் அம்மம்மாதான் காரணம். அவர் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் உமல் என்னும் ஓலைப்பை ஒன்று எப்போதும் தொங்கும். சந்தைக்குப் போகும்போது அது கையோடு போகும், வந்ததும் கவிழ்த்துத் தட்டப்பட்டு மறுபடியும் அந்த ஆணிக்கே வரும். அவருக்குப் பையை மறந்துவிட்டுப் போன நாள் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது நான் வாங்கியது குருத்தோலையைக் காயவைத்து, வார்ந்து இழைத்த நடுத்தர அளவுப் பை. முருங்கைக்காய், கத்தரிக்காய், வெங்காயம், மாம்பழம் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல பை இல்லை. உள்ளே காற்று ஓடுவதால் எதுவும் புழுங்குவதில்லை. சொப்பிங் பையில் கட்டிவைத்த வல்லாரை மாலைக்குள் வேர்த்துக் கறுத்துவிடும். ஓலைப்பையில் கொண்டுவந்தது மறுநாள் காலை வரை நன்றாகவே இருக்கும். அடி தட்டையாக இருப்பதால் முட்டையும் தக்காளியும் உருளாமல் இருக்கும்.

ஆனால் ஓலைக்கு நம்மூர்க் காலநிலையை அறிந்து நடக்க வேண்டும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஓலை முறுகிக்கொள்ளும். அப்படியே பாரம் ஏற்றினால் மடிப்பில் வெடிக்கும். கடைக்குப் புறப்படுவதற்குச் சற்று முன் கையில் நீர் தொட்டுத் தெளித்துவிட்டால் இளகிவிடுகிறது. மாரியில் இதற்கு நேர்மாறு. ஈரம் பட்டு மூலையில் வைத்தால் இரண்டு நாளில் சாம்பல் பூத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, காற்றில் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்த பின்பே மடிக்க வேண்டும். சாயம் ஏற்றிய ஓலைப்பை பார்க்க அழகாக இருந்தாலும், மழை நாளில் சிவப்புச் சாயம் பாணின் உறையில் இறங்கியதை ஒருவர் வீட்டில் பார்த்திருக்கிறேன். சந்தைக்கு வெறும் ஓலை நிறப் பையே போதும். பாரத்துக்கு இது உகந்ததல்ல. 4 கிலோவுக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. விலை நான்கிலும் இதற்கே அதிகம். ஆனாலும் இழைத்தவரின் கைக்கு அது போகிறது என்பதால் எனக்கு அந்த விலை உறுத்தவில்லை.

வீட்டில் எல்லாப் பைகளும் மறுபடியும் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் இரண்டு மாதம் நான் தோற்றது இந்த இடத்தில்தான். சாமானை எடுத்து வைத்துவிட்டுப் பைகளைக் குசினி அலுமாரியில் மடித்து அடுக்கினேன். அடுத்த நாள் வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குள் நுழைந்தால் கையில் பை இருக்காது. பிறகு அம்மம்மா வீட்டைப் போலவே முன்கதவுக்குப் பின்னால் மூன்று ஆணிகள் அடித்தோம். கணவரின் மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே ஒரு சிறிய துணிப்பை எப்போதும் கிடக்கும். அதை எடுத்தவரே மறுபடி வைக்க வேண்டும். சாமான் எடுத்து முடிந்ததும் பையை முற்றத்தில் கவிழ்த்து உதறுகிறோம். வெங்காயச் சருகும் உருளைக்கிழங்கு மண்ணும் எப்போதும் மூலைகளில்தான் ஒளிந்திருக்கும். அந்தச் சருகுக்கு அடியில் கரப்பான் முட்டை இருந்ததையும் ஒரு முறை கண்டேன். சனிக்கிழமைகளில் துணிப்பையையும் உரப்பையையும் உள்வெளியாகப் புரட்டிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறோம். கச்சான் காலத்தில் தடித்த துணியும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வாடைக் காலத்தில் இரண்டு நாள் எடுக்கும் என்பதால், மாரி முடியும்வரை மெல்லிய துணிப்பை ஒன்றைக் கைமாற்றாக வைத்திருப்பது உதவுகிறது. அரை ஈரத்தில் மடித்த பையின் பூஞ்சண நெடி அடுத்த முறை வாங்கும் மாவுக்கு ஏறிவிடும்.

எதை எதனோடு போடுவது என்பதிலும் ஒரு பாடம் கிடைத்தது. சலவைத்தூளும் தேயிலையும் ஒரே பையில் வந்த ஒரு கிழமை முழுவதும் எங்கள் வீட்டுத் தேநீரில் சலவைத்தூள் வாசம் அடித்தது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். இப்போது சவர்க்காரம், சலவைத்தூள், நுளம்புத்திரி ஆகியவை தனிப் பையில் வருகின்றன. அரிசியும் தேங்காயும் அடியில், போத்தல்கள் ஓரத்தில் நேராக, மேலே கீரை, அதற்கும் மேலே பாண்.

ஏற்கெனவே வீட்டில் சேர்ந்துவிட்ட சொப்பிங் பைகளை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். குசினிக் கதவில் தொங்கும் ஒரு பைக்குள் நூறு பைகள் அடைந்து கிடப்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். நாங்கள் அவற்றைப் பிரித்து, கிழிந்ததையும் பிசுபிசுப்பானதையும் ஒதுக்கி, நல்லவற்றைக் கழுவிக் காயவைத்து முக்கோணமாக மடித்து வைத்தோம்; பன்னிரண்டு பைகள் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கிவிட்டன. மரக்கறிக் கடைக்கும் சில்லறைக் கடைக்கும் அவற்றையே திரும்பக் கொண்டுபோகிறோம். கறுப்புப் பையும் அடர்நிறப் பையும் பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தவை என்பதால் அவற்றில் சாப்பாட்டை நேராகப் போடுவதில்லை. கடையில் சூடாக வாங்கும் சாம்பாரையும் பருப்பையும் எந்தப் பொலித்தீன் பையிலும் ஊற்றி வாங்காமல், தூக்குச்சட்டி கொண்டுபோகிறோம். அடுப்பு மூட்டப் பொலித்தீனைக் கொளுத்தும் பழக்கம் எங்கள் அயலில் இன்னும் இருக்கிறது. அந்தப் புகை முதலில் போவது அடுப்படியில் நிற்பவரின் நெஞ்சுக்குள்தான்.

மரக்கறிக் கழிவைச் சொப்பிங் பையில் முடிந்து படலைக்கு வெளியே வைப்பதை நான் முற்றாக நிறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை காலை கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுப் பிரட்றிக் கோட்டை வாசல் வழியாகத் திரும்பும்போது, புள்ளிமான் ஒன்று வேலியோரம் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. கிட்டப் போனபோது அதன் வாயிலிருந்து வெள்ளைச் சொப்பிங் பையின் கைபிடி இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. மீதி உள்ளே போய்விட்டது. பைக்குள் ஒட்டியிருந்த கறிவேப்பிலையோ பழத்தோலோதான் அதை இழுத்திருக்கும். கணவர் மெல்ல நெருங்கிப் பையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். மான் வெருண்டு பையோடு ஓடிவிட்டது. அசைபோடும் மிருகத்தின் இரைப்பையில் பொலித்தீன் சமிக்காது. அங்கேயே தங்கித் திரண்டு, பிறகு தின்னும் புல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். நம் ஊர் மான்களைக் காணத் தூர இடங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த மானை அதன் பிறகு நான் காணவில்லை. கண்டிருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டு மரக்கறிக் கழிவு இப்போது பின்வளவில் உள்ள குழிக்குப் போகிறது.

சட்டமும் மெல்ல மெல்ல நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. 2017 செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோனும் (ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு) அதற்குக் குறைவான தடிப்பும் உள்ள பொலித்தீனுக்குத் தடை வந்தது. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் பொலித்தீன் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதன் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், பற்றுச்சீட்டிலும் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் அதிகார சபை பணித்தது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அந்தக் கிழமை முழுவதும் ஐந்து ரூபாவுக்காக வாக்குவாதம் நடந்தது. அடுத்த மாதமே அதே வரிசையில் நின்றவர்கள் பலர் கையில் பையோடு நின்றார்கள். சிறிய கடைகளில் பழைய பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. நாம் பையை நீட்டுவதற்கு முன்பே அவர்களின் கை சொப்பிங் பைக் கட்டுக்குப் போய்விடுகிறது. சாமான் பெயரைச் சொல்வதற்கு முன் பையை மேசையில் வைத்துவிடுவதே அதற்கு நான் கண்ட வழி.

யாராவது ஒரே ஒரு பை வாங்க விரும்பினால், உரம் வராத சாக்கில் தைத்த உரப்பையை வாங்கி, கைபிடியை அடிவரை சுற்றித் தைப்பித்துக்கொள்ளச் சொல்வேன். இரண்டு வாங்க முடிந்தால் ஓலைப்பையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துணிப்பை வீட்டில் கட்டாயம் எங்காவது இருக்கும், தேடி எடுங்கள். மீனுக்கு டப்பா.

பச்சைப் பையின் இடத்துக்கு இன்னொன்று தேவைப்படுகிறது. வீட்டு யன்னலில் தொங்கிய பழைய திரைச்சீலை ஒன்றைப் போன கிழமை அதே தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். உயரம் 35 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்; பைகளை எண்ணிய மகள் இப்போது தானே கடைக்குப் போகிறாள், நீளமான பை அவளுடைய கையில் தரையோடு இழுபடுகிறது.